பாதுகாக்கப்பட்ட புகைக்கரி

கோட்டையைக் காத்த அரசுகள் உண்டு, ஓவியத்தைக் காத்த அரசுகள் உண்டு. ஒரு சாப்பாட்டுக் கடையின் புகைக்கரியைக் கண்ணின் மணியாகக் காத்த பெருமை எர்மோசியோ நகரத்துப் 'பண்பாட்டுப் பாதுகாப்புக் குழு'வை மட்டுமே சேரும்.

அந்தக் கரிக்குச் சொந்தக்காரர் லிப்ராதோ. கருவேலங்கரித் தணலில் மாட்டிறைச்சியை வாட்டி, டோர்ட்டியா என்னும் அகலமான கோதுமை ரொட்டியில் மடித்துக் கொடுப்பார். பேட்டையே அவர் கையால்தான் சாப்பிட்டது. மனைவி சாயோ அதற்குத் தொட்டுக்கொள்ளக் காரமான சால்சா அரைப்பாள். வம்பு பேசுபவர்களையும் அரைப்பாள்.

ஒரு மத்தியானம் குழுத் தலைவர் ஓக்தாவியோ உறுப்பினர்கள் புடைசூழ 'கள ஆய்வு'க்கு வந்தார். ஆய்வு தட்டுத் தட்டாக நடந்தது. விலா எலும்புவரை ஆராய்ந்த பிறகு தலைவர் கரி படிந்த சுவரைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"லிப்ராதோ, இது கரி இல்ல. வரலாறு!"

"தொடைக்கச் சொல்லி இவ தினமும் திட்டறா, ஐயா."

"தொடைச்சா குற்றம்!"

லிப்ராதோவுக்கு நெஞ்சு விம்மியது. கடையைப் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று அறிவிக்கும் பித்தளைப் பலகையைக் குழு திறந்துவைத்த அன்று தன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டார். பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் தணலைக் கிளறப் போனவரின் கையை ஓக்தாவியோ மென்மையாகப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாரும் பசியோட நிக்கறாங்களே ஐயா, இறைச்சி போடறேன்."

"போட்டா புகை வரும். புகை வந்தா புதுக் கரி படியும். அப்புறம் பழைய கரியோட தூய்மை என்னாகறது?"

"அப்போ எதுலதான் சுடறது?"

"சுட வேணாம். சுடற மாதிரி நில்லுங்க. வர்றவங்களுக்கு அந்த 'அனுபவம்' போதும்."

லிப்ராதோ நின்றார். மேலே அதே கல்யாணக் கோட்டு, கையில் இடுக்கி, எதிரே குளிர்ந்த அடுப்பு. வந்தவர்கள் படம் பிடித்தார்கள், சுவரை முகர்ந்தார்கள், பசியோடு போனார்கள். ஒரு சனிக்கிழமை பேருந்து ஓட்டுநர் நச்சோ வாசலில் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, உங்களையும் சேத்துப் பாடம் பண்ணிட்டாங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. லிப்ராதோ கோட்டைக் கழற்றி எறிந்தார். பின்கட்டில் கிடந்த இரும்புப் பீப்பாயைப் பாதியாக அறுத்து, இருபுறமும் கைப்பிடி மாட்டி, எதிரேயிருந்த காலி மனையில் வைத்துத் தணல் மூட்டினார். கொழுப்பு சொட்டிப் புகை எழுந்ததும், பேட்டை தன் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

அந்நேரம் கடைக்குள் வெளியூர் விருந்தினர்களுக்குக் கரியின் மேன்மையை விளக்கிக்கொண்டிருந்தார் ஓக்தாவியோ. வாசனை தெருவைத் தாண்டி உள்ளே வந்தது. விருந்தினர்கள் ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டி வெளியே போனார்கள். சுவரோடு தனியாகப் பேசப் பிடிக்காமல் தலைவரும் போனார்.

"இது விதிமீறல், லிப்ராதோ. வெங்காயம் கொஞ்சம் தூக்கலா போடுங்க."

வயிறு நிறைந்ததும் வாயைத் துடைத்தார். பீப்பாயைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"அடடா! இந்தத் துரு, இந்தப் புழுதி... உடனே பாதுகாத்தாகணும்!"

உதவியாளர் அளவுநாடாவை உருவினார்.

சாயோ ஈரச்சாக்கை எடுத்துக் கைப்பிடிகளில் சுற்றினாள். ஒரு பக்கம் லிப்ராதோ, மறுபக்கம் நச்சோ. தணலும் இறைச்சியுமாகப் பீப்பாய் தெருவில் பறந்தது. பின்னாலேயே தட்டும் நாற்காலியுமாகப் பேட்டை ஓடியது.

ஓக்தாவியோ மூச்சிரைக்கத் துரத்தினார். "நில்லுங்க! உங்களக் காப்பாத்தத்தானே வர்றோம்!"

சாயோ திரும்பிப் பார்க்காமல் கத்தினாள். "அதுக்குத்தான்யா ஓடறோம்!"