கேமராவுக்கும் காது உண்டு

ஜெயித்த அணியின் ரசிகர்களுக்குப் பேச விஷயமே இருக்காது. "ஜெயிச்சிட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மயிரிழையில் தோற்ற அணிக்கு ரசிகனாக இருந்து பாருங்கள். ஆயுள் முழுக்கப் பேசலாம். தொண்ணூறுகளில் சவூதியின் தம்மாம் நகரில் நாங்கள் அப்படித்தான் பேசினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்துவிடுவோம்.

எங்கள் அணி என்பது தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணி. பல்கலைக்கழகக் கோப்பையின் ஃபைனலுக்குத் தவறாமல் போகும். தவறாமல் தோற்றும் வரும். ஒரு வருஷம் பெருமழை. கோல்கீப்பரைத் தாண்டி உருண்டு போன பந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தேங்கிக் கிடந்த தண்ணீரில் படக்கென்று நின்றுவிட்டது. அடுத்த வருஷம் பெனால்டி, குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதற்கடுத்த வருஷம் எங்கள் கோல்கீப்பருக்கு ஃபைனலுக்கு முதல் நாள் அம்மை போட்டது. (எதிரணிக்காரன் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. நானும் பாதி நம்புகிறேன்.)

அந்த இரண்டாம் வருஷப் பெனால்டியை அடித்தவர் காசிம் காக்கா. (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.) அன்றைக்கு அணியின் கேப்டன். பிறகு தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் ரூமுக்குத் தலைவர். பேரீச்சங்கொட்டைகளை ஆட்டக்காரர்களாக வைத்து விரிப்பின் மேல் எல்லா ஃபைனலையும் மறுபடி ஆடிக் காட்டுவார். பெனால்டி கட்டம் வந்ததும் கொட்டைகளைக் கூட்டி அள்ளிவிடுவார். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், எங்களுக்கும் பேசத் துணிச்சல் கிடையாது.

இந்தச் சபையின் மிகத் தீவிரமான உறுப்பினர் முருகேசன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி ஏ.சி. ரிப்பேர் வேலை பார்த்தார். எங்கள் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ரூம் ஏ.சி.யைச் சரிசெய்ய வந்தவர், மழை ஃபைனலின் கதையைக் கேட்டு ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஒரு வெள்ளி தவறியதில்லை.

நான்காம் முறையும் எங்கள் பையன்கள் ஃபைனலுக்கு வந்தார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து லீவு கிடைத்தது. ரூமே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

"ஹமீது, மேட்சை வீடியோ எடுத்துட்டு வாடா" என்றார் காசிம் காக்கா. "நீ திரும்பி வர்ற வரைக்கும் ஊருக்கு ஃபோன் போடுற எவனும் ரிசல்ட் கேக்கக் கூடாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து புதுசாப் பாக்குறோம். சொல்லிட்டேன்."

எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. காசிம் காக்காவின் தங்கை ஜீனத்தை எனக்குக் கேட்டு என் உம்மா பேச்சைத் தொடங்கியிருந்தார். பெண் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். பாக்கி இருந்தது காசிம் காக்காவின் ஒரு வார்த்தை. அவருடைய வாப்பா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "காசிம் கோவக்காரன். நான் பக்குவமாச் சொல்லிக்கிடுறேன். அதுவரைக்கும் யாரும் வாயைத் தொறக்கப்படாது." நானும் வாயைத் திறக்கவில்லை. அதாவது, திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊரில் வீடியோ கேமரா வைத்திருந்தவர் செல்வராஜ் அண்ணாச்சி ஒருவர்தான். கல்யாணங்களைத் தவிர வேறெதையும் எடுத்தறியாதவர்.

"எங்கிட்ட எந்த மாப்பிள்ளையும் மங்கலா விழுந்ததில்ல தம்பி. பந்து எம்மாத்திரம்?" என்றார்.

"அண்ணாச்சி, பாட்டு மட்டும் சேர்த்துடாதீங்க. சவூதிக்குப் போற காசெட். பாட்டு இருந்தா கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சுக்கிடுவான்."

"பாட்டு இல்லாம வெறிச்சுன்னு இருக்குமே?"

"வெறிச்சுன்னே இருக்கட்டும்."

என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனமான வாக்கியம் அதுதான். நான் அதுவரை பார்த்த கல்யாண காசெட்டுகளில் எல்லாம் முதலிலிருந்து கடைசிவரை பாட்டுத்தான் ஓடும். மாமியார்கள் வாயசைப்பார்கள், சத்தம் வராது. அதனால் வீடியோ கேமராவுக்குக் கண் மட்டும்தான் என்று நம்பியிருந்தேன். அதற்குக் காதும் உண்டு, பாட்டைப் போட்டுத்தான் அந்தக் காதை அடைக்கிறார்கள் என்று பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை.

ஃபைனல் அன்று அண்ணாச்சி தன் வழக்கப்படியே வேலையைத் தொடங்கினார். கேப்டன்கள் கைகுலுக்கியதை, மாலை மாற்றுவதைப் போல மூன்று தடவை திரும்பச் செய்யச் சொன்னார். கார்னர் அடிக்க வந்தவனிடம், "தம்பி, இப்படிப் பாத்துச் சிரிச்சிட்டு அடிங்க" என்றார். அவனும் சிரித்துவிட்டு அடித்தான். பந்து வேலிக்கு வெளியே போயிற்று.

மேட்ச் முடிந்த மறுநாளே நான் கிளம்ப வேண்டியிருந்தது. பஸ் ஏறும்போதுதான் அண்ணாச்சி காசெட்டைக் கையில் திணித்தார். போட்டுப் பார்க்க நேரமில்லை. தம்மாமுக்குப் பக்கத்திலுள்ள தஹ்ரான் விமான நிலையத்தில் வழக்கம்போல காசெட்டைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து வாங்கப் போனபோது அந்த அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா ஹிந்தி! கோல் மாஃபி! லேஷ் கோல் மாஃபி?" என்றார். கோல் இல்லை, ஏன் கோல் இல்லை என்று இவ்வளவு பெரிய மனிதர் வருத்தப்படுகிறாரே, எங்கள் அணிக்கு அரபு ரசிகர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை. பிரியாணி. இரவல் வாங்கிய வி.சி.ஆர். பக்கத்து ரூம்களிலிருந்தெல்லாம் ஆட்கள். எனக்கு மட்டும் ரிசல்ட் தெரியும் என்பதால் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். ("அவரு மூஞ்சிய பாத்தா கண்டுபிடிச்சிருவோம்ணே" என்று இந்த யோசனையைச் சொன்னது முருகேசன்.) பிறகு பாவம் பார்த்துத் திரும்ப அனுமதித்தார்கள்.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. அது கண்ணாடி மாதிரி பதிவாகியிருந்தது. பந்து வலையில் பட்டுச் சுருண்டு விழுந்தது வரை அண்ணாச்சி அழகாக எடுத்திருந்தார். ரூம் பல்லைக் கடித்தது. இரண்டாம் பாதியில் எங்கள் பையன்கள் பாய்ந்தார்கள். ஒன்று கம்பத்தில் பட்டது, ஒன்றை அவர்களுடைய கோல்கீப்பர் விரல் நுனியால் தட்டினான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கையில் எங்கள் லெஃப்ட் பேக் சொந்தப் பாதியில் பந்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினான். ஒருவனை ஏமாற்றினான். இன்னொருவனை ஏமாற்றினான். ரூமில் எல்லாரும் முழங்காலில் எழுந்துவிட்டார்கள். முருகேசன் எதிரிலிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "போடுறான்! போடுறான்! போட்டுட்டான்ணே!" என்று கத்தினார்.

அப்போது படம் சரேலென்று இடப்பக்கம் நகர்ந்தது. வேலி தெரிந்தது. கடலை விற்பவர் தெரிந்தார். பிறகு முன்வரிசை நாற்காலியில், வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்தபடி காசிம் காக்காவின் வாப்பா தெரிந்தார். கூடவே ஒரு குரல், பாட்டின் இடைஞ்சல் எதுவும் இல்லாமல், அட்சரம் பிசகாமல் கேட்டது:

"அண்ணாச்சி, அண்ணாச்சி! பந்தை விடுங்க. அந்தா, வெள்ளைத் தொப்பி போட்டவரை எடுங்க. நல்லாக் கிட்டக்க எடுங்க."

"யாரு தம்பி? சீஃப் கெஸ்டா?"

"அதுக்கும் மேல அண்ணாச்சி. எனக்கு மாமனாரா வரப்போறவரு!"

அடுத்த நொடி மைதானமே "கோல்!" என்று வெடித்தது. திரையில் வாப்பா அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கேமரா பதறிப்போய்த் திரும்பி வந்தபோது எங்கள் பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் குவியலாகக் கிடந்தார்கள்.

 முருகேசன்தான் முதலில் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அது உங்க குரல்தானே?"

காசிம் காக்கா ரீவைண்ட் செய்தார். மறுபடி கேட்டார். இரண்டாம் தடவை வேறு யாராவது குரலாக இருந்துவிடாதா என்று நானும் சேர்ந்து கேட்டேன். போச்சு, ஜீனத் போனாள், ரூமும் போயிற்று, இனி மூட்டையைக் கட்டிக்கொண்டு முருகேசனின் கேம்ப்பில்தான் இடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"ஹமீது. அது எங்க வாப்பா."

"ஆமா காக்கா."

"உனக்கு எப்படா மாமனாரானாரு?"

"இன்னும் ஆகல காக்கா. இன்ஷா அல்லாஹ்..."

"சரி, அதை அப்புறம் வச்சுக்கிடுவோம். கோல் எங்கடா?" அவர் குரல் உடைந்தது. "டேப்புலதான் இல்ல. நீ அங்கனதானே நின்ன? எப்படி அடிச்சான்? எந்தக் காலு? சொல்லு!"

பொய் சொல்லியிருக்கலாம். வலது கால், மேல் மூலை என்று அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"நானும் மாமாவத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் காக்கா."

அதன்பின் கூடுதல் நேரத்தில் எதிரணி போட்ட இரண்டாவது கோலையும் அண்ணாச்சி கண்ணாடி போலப் பதிவு செய்திருந்தார். நான்காம் முறையாகத் தோற்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. காசிம் காக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடி விழுந்தாலும் நேரில் வாங்கிக்கொள்வோம் என்று நானும், அடி விழுந்தால் தடுப்போம் என்று முருகேசனும் பின்னாலேயே ஓடினோம். அவர் நேராக டெலிஃபோன் கேபினுக்குள் நுழைந்து ஊருக்கு ஃபோன் போட்டார்.

"வாப்பா, அந்தக் கோல் எப்படி விழுந்துச்சு? நீங்க முன்னாடிதானே உக்காந்திருந்தீங்க?"

பதிலைக் கேட்டவர் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. திரும்பினார். சிரிப்பில் அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. "நீயே கேளு" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"கேமரா என்னையப் பாக்குதேன்னு நான் கேமராவப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் வாப்பா. "அந்தப் பக்கம் ஒரே கூச்சல். திரும்பிப் பாத்தா பயலுவ எல்லாம் தரையில கெடக்கானுவ. ஆமா, இது யாரு?"

"ஹமீது, மாமா."

"அடே ஹமீதா! காசிம்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிப்புடாத. நான் பக்குவமாச் சொல்லிக்கிடுறேன்."

நான் ரிசீவரை வைத்தேன். காசிம் காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டார். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளாகப் பேசாத விஷயத்தை அப்போதுதான் அவர் தன் வாயால் சொன்னார்.

"நான் காலால விட்டேன். நீங்க ரெண்டு பேரும் கண்ணால விட்டீங்க. நம்ம குடும்பத்துக்கு நீ பொருத்தமானவன்தான்டா."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும்விட்டேன். கேபினுக்கு வெளியே வரிசையில் நின்றிருந்த பாகிஸ்தான் பட்டான் ஒருவர் எங்கள் அணி ஜெயித்துவிட்டது என்று நினைத்து, "முபாரக் பாய்!" என்று வாழ்த்தினார்.

முருகேசனுக்குத்தான் மனசு ஆறவில்லை. "கல்யாணம் நடக்கட்டும்ணே, நல்ல விஷயந்தான். ஆனா கோலு?" என்று மாதக்கணக்கில் புலம்பினார். ஊரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவர் வலது கால் என்றார், ஒருவர் தலையால் முட்டினான் என்றார். பொறுக்க மாட்டாமல், தன் லீவில் சிவகங்கையிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கே போய், அந்த லெஃப்ட் பேக்கைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "பயத்துல கண்ண மூடிக்கிட்டுத்தாண்ணே அடிச்சேன்" என்றானாம்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் யார் எதைத் தவறவிட்டாலும் "மாமனாரைப் பாத்துட்டான்" என்றுதான் சொல்வார்கள். பால் பொங்கி வழிந்தாலும் அதுதான், பஸ்ஸை விட்டாலும் அதுதான். அர்த்தம் தெரியாமலே என் பிள்ளைகள் அதைச் சொல்லி வளர்ந்தார்கள்.

சமீபத்தில் வீட்டில் எல்லாரும் டி.வி.யில் ஒரு ஃபைனலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாகமாக இருக்கிறதே என்று அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தினார்கள். டம்ளரோடு ஓடி வந்தேன்.

"என்னாச்சு? கோலா? யாரு போட்டா?"

ஜீனத் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வாப்பா மவுத்தாகி இத்தனை வருஷமாச்சு. அங்க போயி யாரைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"