இடுப்புப் பிடித்தவனும் அவசர மணியும்

சிஹோ கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. கூரைப் பனியை வழித்தாயிற்று, முள்ளங்கி ஊறுகாய் பதமாக ஊறிவிட்டது, நானும் ஏறக்குறைய அதே பதத்தில் நலம். ஒசாகாவில் உங்கள் மூவரின் நலமறிய ஆவல். சிறையிலிருந்து யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் நம்பாதே, அடித்துப் பிடித்துக்கொண்டு வராதே. நடந்தது இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை தச்சுக்கூடத்தில் வழக்கம்போல மேடைமேல் காவலுக்கு நான் ஒருவன், கீழே கைதிகள் நாற்பத்தாறு பேர். பெற்றது உன் ஒருத்தியை, அப்பா என்று கூப்பிட அங்கே நாற்பத்தாறு பேர். விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன், நிமிரும்போது பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவசர மணி எட்டடி தூரத்தில். அடித்தால் காவலர்கள் முப்பது பேர் ஓடி வருவார்கள், ஆனால் காவலர்கள் எங்களுக்குள் மணி அடித்தவன் கூடத்தை ஆளத் தெரியாதவன். போன வருடம் அடித்த ஒருவனுக்குக் 'கோயில் மணி' என்று பெயர் வைத்ததே உன் அப்பன்தான். ஆகவே ஒரு மணி நேரம் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். முறைக்கிறேன் என்று நினைத்து ஒரு பயலும் மூச்சு விடவில்லை. சுற்றி வந்த மேலதிகாரி வேறு, "தொகாஷி, இன்னிக்கு உன் கூடம் பிரமாதம்யா!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் கைதிகளில் மூத்தவர், கிழவர் நுகுய், கையைத் தூக்கினார். அங்கே கைதிகள் அனுமதியில்லாமல் வாய் திறக்கவும் கூடாது, எழவும் கூடாது.

"பேசு!"

"அப்பா, இடுப்பு புடிச்சிருக்குன்னு பாத்தாலே தெரியுது. மணி அடிக்கட்டுமா?"

"வேணாம்!"

"கண்ணுல தண்ணி வருதே?"

"மரத்தூளு!"

"சரி, மரத்தூளுக்காக அடிக்கிறேன்," என்று எழுந்துபோய் அடித்தே விட்டார். முப்பது பேரும் வந்து கிழவரைத் தரையோடு அமுக்கினார்கள். அவருக்கு ஏப்ரலில் பரோல். அனுமதியில்லாமல் எழுந்தார் என்று ஒரு வரி எழுதினால் அதுவும் போச்சு.

"விடுங்கப்பா அவரை! நான்தான் அடிக்கச் சொன்னேன். என்னால... அசைய முடியல," என்று கத்தினேன். முதல் பாதி பொய், அடுத்த பாதி இருபத்திரண்டு வருடக் காவல் வேலையில் நான் சொல்லிப் பழகாத உண்மை.

காவலர் உடைமாற்றும் அறையில் என்ன பட்டப்பெயர் வருமோ என்று பெஞ்சில் கிடந்தேன். என்னோடு காவல் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக் கசாய், பதினோரு வருடமாக "குளுருது" என்பதைத் தவிர என்னோடு பேசாத மனுஷன், கதவைச் சாத்திவிட்டு, "போன கோடையில நான் மேடையிலயே மயங்கிட்டேங்க. யார்கிட்டயும் சொல்லல," என்றான். அடுத்தவன், "எனக்குத் தெனம் காலைல வாந்தி," என்றான். 'கோயில் மணி'தான் எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். நான் ஒருவன்தான் கோழை என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக நினைத்திருக்கிறான்!

ஆக, தனியாக நின்று அவஸ்தைப்படக் கூடாது என்று புத்தி வந்துவிட்டது. நீ வர வேண்டாம், நான் தனியாகவே சமாளித்துக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு வணக்கம், பேரனுக்கு முத்தம். உங்கள் மூவரின் இடுப்பும் நூறாண்டு வளையட்டும்.

அப்பா

பி.கு.: தபாலில் போடக் கசாயைக் கூப்பிட்டேன். படித்துவிட்டு, "இன்னும் மேடையை விட்டு எறங்கலியா நீங்க?" என்கிறான். தரையில் படுத்துத்தான் எழுதுகிறேன், மூன்று நாளாகக் காலுறை மாட்ட முடியவில்லை. வராதே என்றதையெல்லாம் அடித்துவிடு. இது மணி. வா, சிஹோ.