மெத்தை மேல் மலையேறி

மலையேறுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஏறுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்குக் கீழே மெத்தையில் நின்று, அண்ணாந்து பார்த்தபடி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் காற்றில் வழி போட்டுக்கொண்டு, "அங்க இல்லம்மா, அந்த மஞ்சள் பிடி, உன் காதுக்குப் பக்கத்துல இருக்கு பாரு" என்று கூவுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். இரண்டாம் வகையை யாரும் சீண்டுவதில்லை. அந்தக் குறை தீர, நம் பல் மருத்துவரை எடுத்துக்கொள்வோம்.

மலையடிவாரச் சாலையில், டயர் கடைக்கும் பம்பு பழுது பார்க்கிறவர் பட்டறைக்கும் நடுவே, ஒரு காலத்தில் மரக்கிடங்காக இருந்த கூடம் ஒன்று இருக்கிறது. உள்ளே கூரை வரைக்கும் பலகைச் சுவர். அதன்மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, யாரோ மென்று ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம் போல, கைப்பிடிகள். ரப்பரும் பழைய காலுறையும் கலந்த வாசனை. பின் ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை முழுசாகத் தெரியும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் ஏறத்தான் சனிக்கிழமை தோறும் ஜனங்கள் வருகிறார்கள்.

மருத்துவரை முதலில் அங்கே இழுத்து வந்தது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அன்று மருத்துவர் வாடகைக் காலணியை மாட்டிக்கொண்டு, இடுப்பு வாரையும் இறுக்கிக்கொண்டு, சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து வலது முட்டியைத் தடவினார்.

"முட்டி கொஞ்சம் சரியில்ல. நீங்க ஏறுங்க, நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். முட்டி குணமாகவில்லை. யோசனைகள் மட்டும் வாரத்துக்கு வாரம் தெம்பாகிவந்தன. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பகல் முழுக்க, வாயைப் பிளந்து பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்களிடம் பேசியே பழகிய மனிதர். சுவரில் தொங்குகிறவர்களும் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருந்தார்கள். இதைவிட வசதியான சபை வேறு எங்கே கிடைக்கும்?

"எல்லாம் கால்லதான் இருக்கு" என்பார். "உடம்பைச் சுவரோட ஒட்டு" என்பார். பாதியில் பயந்து நிற்கிறவர்களிடம், "கையை விடு, கயிறு பிடிச்சுக்கும், ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்வார். ஏறிவிட்டால், "சொன்னேன்ல?" விழுந்துவிட்டால், "நான் சொன்னது அந்தக் காலை இல்ல."

கூடத்தை நடத்துகிற பயிற்சியாளர் பொறுமைசாலி. ஒருநாள் அவரே கேட்டுவிட்டார்.

"சார் எப்ப ஏறப் போறீங்க?"

"நான் ஏறிட்டா இவங்களை யாரு பாக்கறது?"

நியாயம்தானே.

மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைச் சமாதானப்படுத்தி ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது மருத்துவரின் மனைவி. அவளுக்கு இந்தச் சுவர் பிடித்துப் போயிற்று. மூலையில் இருந்த பச்சைப் பாதையில் பல வாரமாக முயன்றுகொண்டிருந்தாள். முக்கால் உயரத்தில் சுவர் வெளியே புடைத்துக்கொண்டு வரும். அந்த இடத்தில் விழுவாள். இந்த ஏற்றத்தில் ஒருவர் ஏறினால், அவர் இடுப்பில் கட்டிய கயிறு மேலே போய் உருளையில் திரும்பிக் கீழே வரும். கீழே ஒருவர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அவள் கயிற்று முனையை நீட்டியது தன் தம்பியிடம்.

"நீ பிடி தம்பி."

"ஏன், நான் இருக்கேனே?" என்றார் மருத்துவர்.

"நீங்க பேசுவீங்க."

"பேசினா என்ன?"

"நீங்க பேசும்போது ரெண்டு கையும் சேர்ந்து பேசும். அப்ப கயிறை யாரு பிடிப்பா?"

கோபமே இல்லாமல் சொன்னாள். டாக்டர் வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று நோயாளியிடம் சொல்கிற அதே குரல். கோபத்தோடு சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு, உயிரை நம்பிக் கொடுக்கிற கட்டம் வந்ததும் கயிறு தம்பி கைக்குப் போகிறது என்பது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் ஏறினாள். அதே இடத்தில் விழுந்தாள். தம்பி அலுங்காமல் இறக்கினான்.

"அந்த இடது காலை மட்டும் நீ..."

"ஒரு தடவை நீங்க ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"கட்டு கயிறை" என்றார் மருத்துவர்.

கூடம் திரும்பிப் பார்த்தது. மனைவியே கயிறு பிடித்தாள். முதல் ஆளுயரம் சுலபமாகத்தான் இருந்தது. எவ்வளவு சுலபம் என்று சொல்வதற்காகக் கீழே திரும்பினார். அதுதான் தப்பு. மெத்தை எங்கோ கிணற்றடியில் கிடப்பதுபோலத் தெரிந்தது. முட்டி ஆட ஆரம்பித்தது. சரியில்லாத வலது முட்டி கல்லாக நிற்க, நன்றாக இருந்த இடது முட்டிதான் தனியாக ஆடியது. விரல்கள் சிவப்புப் பிடி ஒன்றைப் பற்றியவை பற்றியபடியே நின்றுவிட்டன.

கீழே ஒரு சத்தமில்லை. அவரிடம் யோசனை வாங்கிய அத்தனை பேரும் மரியாதையாக அண்ணாந்து நின்றார்கள்.

"யாராவது ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே.

"உங்களுக்கு நாங்க என்ன மாமா சொல்றது? தெரியாததா?" என்றான் மச்சான். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பியிருந்தான்.

"இறங்கணுமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா."

"அப்ப கையை விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

"விட வரல" என்றார். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முன்மேசைக் குரலில் சொன்னாள்: "வாயை நல்லாத் திறங்க. பெருசா மூச்சு விடுங்க. இதோ முடிஞ்சிரும்."

மருத்துவர் வாயைத் திறந்தார். மூச்சு போன வழியே விரல்களும் இளகின. அந்தரத்தில் தொங்கினார். கயிறு தாங்கியது. மெல்லக் குனிந்து பார்த்தபோது, அவள் இரண்டு காலையும் அழுந்த ஊன்றி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிக் கவனித்து அவருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இறங்கியதும் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில், காரில், மருத்துவர் கேட்டார்.

"இன்னிக்கு நான் கயிறு பிடிச்சிருந்தா பயந்திருப்பியா?"

"ஆமா" என்றாள். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கயிற்று முனையை அவளே அவரிடம் நீட்டினாள். "ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பேசவில்லை. இரண்டு கையும் கயிற்றில். உதடு இறுகியிருந்தது. சொல்லாத யோசனைகளெல்லாம் கழுத்து நரம்பில் வந்து புடைத்தன. பச்சைப் பாதையின் புடைப்புக்குக் கீழே அவள் வெகுநேரம் தயங்கி நின்றாள். இடது காலைத் தூக்க வேண்டியதுதானே என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார். அவள் வலது காலைத் தூக்கி வைத்தாள், எம்பினாள், மேல் விளிம்பைத் தொட்டுவிட்டாள். கூடம் கைதட்டியது. அவர் தட்டவில்லை. கை கயிற்றில் இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அலுங்காமல் இறக்கினார். அவள் கால் மெத்தையில் படும்வரை காத்திருந்தார்.

"பாத்தியா? நான் ஒரு வார்த்தை பேசல. அதனாலதான் ஏறிட்டே."

அவள் சிரித்துவிட்டாள். மருத்துவர் அதற்குள், முதன்முதலாகக் கயிறு பிடிக்க வந்திருந்த ஓர் இளைஞர் பக்கம் திரும்பியிருந்தார். "தம்பி, கயிறு பிடிக்கறப்ப பேசக் கூடாது. ஆனா சும்மா பேசாம இருந்தா போதாது, அதுக்கு ஒரு முறை இருக்கு. சொல்றேன் கேளுங்க." இரண்டு கையையும் விரித்து விளக்க ஆரம்பித்தார். கூடத்தைப் பூட்டும் நேரம் வரை விளக்கினார்.

சிரிக்காதீர்கள். அவர் சிவப்புப் பிடியோடு ஒட்டிக்கொண்டு நின்றபோது, நாற்காலியில் சாய்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்த உங்களுக்கு, 'கையை விட வேண்டியதுதானே, இதுல என்ன இருக்கு' என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் பாதகமில்லை. மெத்தை பெரிசுதான். மருத்துவருக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் தாராளமாக நிற்கலாம்.