தெல்தெனியவில் ஒரு டொல்பின்

கண்டி மாவட்டத்தில் கடல் இல்லை. இது யாருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று இன்றுவரை எந்த விசாரணையும் நடத்தப்படவில்லை. கடல் பார்க்க ஆசைப்பட்டவர்கள் பஸ் ஏறித் திருகோணமலைக்கோ நீர்கொழும்புக்கோ போவார்கள், பார்ப்பார்கள், செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு தை மாதத்தில் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் ஒன்று வந்தது. நாட்டின் எல்லா மாவட்டங்களும் உல்லாசப் பயணிகளுக்காக ஒருநாள் படகுப் பயணம் நடத்த வேண்டும். அதில் தீவுகளைச் சுற்றிக் காட்டுதல், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீருக்கடியில் பார்க்கவைத்தல், டொல்பின் காட்டுதல் ஆகிய மூன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும். 'எல்லாக் கரையோர மாவட்டங்களும்' என்று எழுத நினைத்தவர், நடுவில் தேநீர் குடிக்க எழுந்து போயிருக்கலாம். ஆனால் கையெழுத்து விழுந்த பிறகு ஒரு சொல் குறைகிறது என்று சொல்ல, இன்னொரு சுற்றுநிருபம் வேண்டும். அதற்கு இன்னொரு கையெழுத்து வேண்டும். அதைவிடக் கண்டிக்குக் கடலைக் கொண்டுவருவது சுலபம்.

மலையகக் கடல் உல்லாச அதிகார சபை என்று ஓர் அலுவலகம் கண்டியில் திறக்கப்பட்டது. உதவிப் பணிப்பாளராக ராஜரத்தினம் நியமிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், குண்டசாலையில் குடியிருந்தார். தன் உத்தியோக காலத்தில் ஒரு சுற்றுநிருபத்தைக்கூட ஏன் என்று கேட்டதில்லை என்பது அவருடைய பெருமை. படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் வேலையும் அவரிடமே வந்து சேர்ந்தது.

மாவட்டத்தில் அப்போது சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது ஒரே ஒரு படகு. அது லாபிருடையது.

தெல்தெனியவில் கடல் இல்லாவிட்டாலும் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய தெல்தெனிய நகரமே அதற்கடியில்தான் கிடக்கிறது. எதிர்க்கரைத் தோட்டத்துச் சனங்களைக் காலையில் சந்தைக்குக் கொண்டுவருவதும் மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் லாபிரின் தொழில். படகு இல்லாவிட்டால் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பஸ்ஸில் வர வேண்டும். அரை நாள் போய்விடும். எதிர்க்கரையிலிருந்து கீரை கொண்டுவந்து விற்கும் ராக்கம்மா அரை நாள் தாங்குவாள். கீரை தாங்காது.

அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க லாபிர் கண்டிக்குப் போனான்.

"தீவு, நீரடி, டொல்பின். மூண்டையும் காட்டினால் அனுமதி. இல்லையெண்டால் படகைக் கரையில ஏத்தும்" என்றார் ராஜரத்தினம்.

"சேர், கண்டியில எங்க சேர் டொல்பின் ஈக்கி?"

"அதை நீர்தான் காட்ட வேணும்."

"இல்லாததை எப்படிச் சேர் காட்டுற?"

"இருக்கிறதைக் காட்ட அதிகார சபை எதுக்கு?"

எழுதுவினைஞர் அனீஸா தலையை நிமிர்த்தினாள். "சேர், இது எங்கட மாவட்டத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் என்ன?"

"பிள்ளை, குளத்தில தண்ணியே இல்லாத ஒரு மாவட்டம் போன கிழமை ரெண்டு டொல்பின் கண்டிருக்கு. நாங்கள் மட்டும் ஒண்டும் காணேல்லை எண்டால் குறை ஆரில? டொல்பினிலயோ, எங்களிலயோ?"

அனீஸா தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

எதிர்க்கரையிலிருந்து புறப்படும் பரிசோதனைப் பயணத்துக்கு ஒரு காலைப் பொழுது குறிக்கப்பட்டது. ராஜரத்தினம் கழுத்துப்பட்டிக்கு மேலே செம்மஞ்சள் நிற மிதவை அங்கியை அணிந்துகொண்டு படகின் நடுவில் அமர்ந்தார். அனீஸா பக்கத்தில் அமர்ந்தாள். ராக்கம்மா தன் கீரைக் கூடையோடு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இது உத்தியோகபூர்வப் பயணம். இறங்கும்" என்றார் ராஜரத்தினம்.

"நீங்க பாட்டுக்குப் போங்க சார். நான் ஓரமா இருந்துக்கிறேன். கீரை வாடிரும்."

ராஜரத்தினம் யோசித்தார். உல்லாசப் பயணத்துக்கு ஓர் உல்லாசப் பயணியாவது வேண்டும். ராக்கம்மா உல்லாசப் பயணியாகப் பதிவு செய்யப்பட்டாள்.

தீவுகள் சுலபமாக முடிந்தன. நீர் வற்றியிருந்த காலமாதலால் இரண்டு மேடுகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. ராஜரத்தினம் இறங்கி, அங்கே ஒரு நிமிடம் நின்று, தீவைத் தீவு என்று அறிவித்துவிட்டு ஏறினார்.

அடுத்தது நீரடி. கொழும்பிலிருந்து வந்த முகமூடியை மாட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அதை அனீஸாவிடம் கொடுத்துவிட்டு ராஜரத்தினம் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தார்.

"என்ன சேர் தெரியுது?" என்று கேட்டாள் அனீஸா.

"பச்சை."

"வேற?"

"கடும் பச்சை." முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "இருவகைப் பச்சைகள் காணத்தக்கவை எண்டு எழுதும் பிள்ளை."

(பின்னாளில் பழைய நகரத்தில் கடை வைத்திருந்த ஒருவர், தண்ணீருக்கடியில் அந்த இடத்தை ஒருமுறை பார்க்க முகமூடி கேட்டு விண்ணப்பித்தார். அந்த இடத்துக்காக அவர் ஏற்கெனவே நட்டஈடு பெற்றுவிட்டதால், அதை இனிப் பார்ப்பது இரட்டைச் சலுகை ஆகும் என்று பதில் போனது.)

எஞ்சியது டொல்பின். லாபிர் எஞ்சினை நிறுத்தினான். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. ராக்கம்மா கீரையின் மேல் தண்ணீர் தெளித்தாள்.

இந்த இடத்தில் டொல்பினைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. டொல்பின் மீன் அல்ல. அது குட்டி ஈன்று பால் கொடுக்கும். தண்ணீரிலிருந்தாலும், மூச்சுவிட மேலே வரும். கருத்த, பளபளப்பான, வளைந்த முதுகை உடையது. சுற்றுநிருபத்தின் பின்னிணைப்பில் இவ்வளவும் இருந்தது.

கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர் கலங்கியது. கருத்த, பளபளப்பான, வளைந்த முதுகு ஒன்று மேலே எழுந்தது. 'புஸ்' என்று மூச்சு விட்டது.

ராஜரத்தினம் எழுந்து நின்றார். படகு ஆடியது.

"சேர், அது மூக்கையாட எரும" என்றான் லாபிர்.

"கொம்பு தெரியுதோ?"

"இப்ப தலை தண்ணிக்குள்ள சேர்."

"அப்ப கொம்பு காணப்படேல்லை. காணப்படாத கொம்பை வைச்சு முடிவெடுக்க எனக்கு அதிகாரமில்லை. முதுகு கறுப்போ?"

"கறுப்புத்தான்."

"மேல வந்து மூச்சு விட்டதோ?"

"விட்டிச்சு."

"பால் குடுக்குமோ?"

"காலையும் பின்னேரமும் சேர்."

"பிறகென்ன?" என்று கேட்டுவிட்டு, ராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "லாபிர், நீர் இண்டைக்குக் கண்டது டொல்பின் எண்டால் நாளைக்கும் படகு ஓடும். எருமை எண்டால் ஓடாது. நல்லா யோசிச்சுப் பாரும்."

லாபிர் நன்றாகப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அது டொல்பினைப் போலத்தான் இருந்தது.

"டொல்பின் சேர்."

"நீர் கண்டது?" என்று உல்லாசப் பயணியிடம் கேட்டார்.

ராக்கம்மா சந்தைக் கரையைப் பார்த்தாள். கீரையைப் பார்த்தாள். "டொல்பினுங்க" என்றாள். "நல்லா கொழுத்த டொல்பினுங்க."

அனுமதி கிடைத்தது.

செய்தி பத்திரிகையில் வந்தது. அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் கண்டி நகரம் முழுவதும் தெல்தெனியவுக்கு வந்து இறங்கியது. வங்கிக்காரர்கள் வந்தார்கள். ரியூஷன் மாஸ்டர்மார் வந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் படப்பிடிப்பாளரோடு வந்தார்கள். லாபிர் படகின் பின்னால் நின்று, சரியான நேரத்தில் வலக்கையை நீட்டி, "அந்தா, டொல்பின்!" என்பான். உடனே எல்லாக் கைத்தொலைபேசிகளும் உயரும். அதன் பின் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்ப்பார்கள். திரையில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அது போதுமாயிருந்தது.

கண்டியில் மரியாதையுள்ளவர்கள் இரண்டு வகையானார்கள்: டொல்பின் கண்டவர்கள், வருகிற ஞாயிறு காணப்போகிறவர்கள். டொல்பின் கரை போட்ட சேலை சித்திரைப் புத்தாண்டிலிருந்து தீபாவளி வரை விற்றது. கல்பிட்டிக் கடலில் உண்மையான டொல்பின் பார்த்திருந்த ஒரு கனவானும் வந்தார். "அங்கே சும்மா துள்ளிக்கொண்டே திரியும். ஒரு நிதானம் கிடையாது. நம்முடையது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் மூக்கையா கரைக்கு வந்து, "ஏய், வா, வா!" என்று கூப்பிடுவார். டொல்பின் எழுந்து, கொம்பை ஆட்டி, நான்கு கால்களாலும் நடந்து அவர் பின்னால் வீட்டுக்குப் போகும். பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். எவ்வளவு அருமையாகப் பழக்கியிருக்கிறார் என்று பாராட்டுவார்கள்.

"லாபிர் நானா, நம்ம ஏற எடமே இல்லையே" என்றாள் ராக்கம்மா ஒரு நாள், சுற்றுலாக்காரர்களின் முழங்கால்களுக்கு நடுவே கூடையைச் செருகியபடி.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க அக்கா. டொல்பின் இல்லாட்டி படகே இல்ல."

இது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து பெரியதம்பி என்ற அதிகாரி வந்தார். நீர்வாழ் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர். மலைநாட்டு நன்னீர் டொல்பின் உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத இனம் என்று அவர் சொன்னார். அதில் பிழை சொல்ல முடியாது. அத்தகைய அரிய உயிரினம் உள்ள நீரில் எஞ்சின் படகு ஓடக்கூடாது என்றார். எருமைகள் இறங்கி அதற்குத் தொந்தரவு கொடுக்கவும் கூடாது என்றார்.

லாபிரின் படகு கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டது. மூக்கையாவின் எருமை கட்டப்பட்டது. ராக்கம்மாவின் கீரை பஸ்ஸில் சுற்றி வந்து, சந்தை கலையும் நேரத்தில் வாடி இறங்கியது.

ஊரார் ஆட்சேபித்ததால் தெல்தெனிய மண்டபத்தில் பொதுவிசாரணை நடந்தது. கண்டியிலிருந்தும் பலர் வந்திருந்தார்கள். பெரியதம்பி நியாயமான மனிதர்.

"நீர்த்தேக்கத்தில் டொல்பின் இல்லை என்று யாராவது சொன்னால் தடையை இன்றே நீக்கிவிடுகிறேன். டொல்பினைக் காணாதவர்கள் கை உயர்த்துங்கள்."

வங்கிக்காரர்கள் ரியூஷன் மாஸ்டர்மாரைப் பார்த்தார்கள். கல்யாணத் தம்பதிகள் தங்கள் புகைப்பட அல்பத்தை நினைத்துக்கொண்டார்கள். ராஜரத்தினம் கூரையைப் பார்த்தார். இந்தச் சாதனைக்காக அவருக்குப் பதவி உயர்வு வரவிருந்தது.

"தூக்குங்க அக்கா" என்று கிசுகிசுத்தான் லாபிர்.

"நீங்க மொதல்ல தூக்குங்க நானா. காட்டுனது நீங்கதானே."

"நான் தூக்கினா பொய் சொல்லிப் பெமிட் எடுத்தேன் என்று உள்ளுக்குப் போட்டுருவாங்களே."

"அப்ப நான் மட்டும் என்னா, டொல்பினுன்னு சாட்சி சொன்ன பதிஞ்ச பயணி ஆச்சே."

ஒரு கையும் உயரவில்லை. டொல்பின் ஏகமனதாக நிறைவேறியது.

பெரியதம்பி ஒரு வழி விட்டுவைத்தார். ஆறு மாதம் எவர் கண்ணிலும் டொல்பின் படாவிட்டால், அது இடம்பெயர்ந்துவிட்டதாகக் கொண்டு தடை நீக்கப்படும். கடைசி நாளன்று தானே வந்து பார்ப்பார்.

அன்றிலிருந்து தெல்தெனியவில் ஒருவரும் டொல்பின் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. மூக்கையா எருமைக்கு வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். சந்தையில் மூட்டை தூக்கப் போன லாபிர், பஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டித் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான். ஐந்து மாதம் போயிற்று. ஆறாவது மாதமும் முடிய வந்தது. அவன் படகை நிமிர்த்திப் புதிதாகச் சாயம் பூசினான்.

கடைசி நாள் காலை பெரியதம்பி அதே பஸ்ஸில் ஏறி, முன் ஆசனத்தில் தொலைநோக்கியோடு அமர்ந்தார். பஸ் நிறைய எதிர்க்கரைச் சனம். லாபிரும் ராக்கம்மாவும் பின்னால் இருந்தார்கள்.

"நாளைக்குப் படகு தானே நானா?"

"அல்லாஹ் உதவியால நாளைக்குப் படகு அக்கா."

வளைவு வந்தது. பெரியதம்பி தண்ணீரை ஒரு முறை பார்த்தார். ஒன்றுமில்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

அன்று வெயில் கடுமை. மூக்கையாவின் எருமைக்குச் சுற்றுநிருபம் தெரியாது. அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஏற்கெனவே தண்ணீருக்குள் கிடந்தது. கருத்த, பளபளப்பான, வளைந்த முதுகு மெல்ல மேலே எழுந்தது.

அதைப் பெரியதம்பி காணவில்லை. ராக்கம்மா கண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு கீரைக் கூடையைப் பார்த்தாள். லாபிரும் வாயை இறுக்கித்தான் இருந்தான். ஆனால் அந்த முதுகைக் கண்டதும் அவன் வலக்கை தானாகவே நீண்டது. தொண்டை தானாகவே திறந்தது.

"அந்தா, டொல்பின்!"

பெரியதம்பி துள்ளித் திரும்பினார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் இடப்பக்கம் பாய்ந்தார்கள். படகு ஓடினால் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டியதே இல்லாதவர்கள் அவர்கள். அத்தனை பேரும் கைத்தொலைபேசியை உயர்த்தினார்கள். சாரதி, எல்லாருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று, பஸ்ஸை நிறுத்திக் கொடுத்தார்.