ஐந்தாம் வகுப்புக் கேமரா

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அத்தை எழுதுவது. இங்கே நானும் என் மகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பேத்தியின் கேமராவும் அப்படியே. தூரத்தில் தனியாக இருந்து வேலை பார்க்கும் உங்களுக்கு முதுகுவலி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில், "அத்தை, நீங்கதான் நடுநிலையா சொல்வீங்க. அந்தக் கேமராவோட நிறை என்ன, குறை என்னன்னு பார்த்து எழுதுங்க. குறை அதிகம்னா கடையில திருப்பிக் கொடுத்துடலாம். பொண்ணு என் சிநேகிதர் ஆபீஸ்ல கணக்கு எழுதப் போகட்டும்" என்று சொன்னீர்கள். சொந்தக் கேமரா இருந்தால் வேலைக்கு வரலாம் என்று ஸ்டுடியோக்காரர் அவளிடம் சொல்லியிருப்பது உங்களுக்கும் தெரியும். ஆக, கேமரா போனால் அந்த வேலையும் போகும். ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருப்பதால், பேத்தி என்று பாராமல், யாரோ அடுத்த தெருப் பெண்ணின் பொருள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவளைப் போலக் கெட்டிக்காரி இந்தப் பக்கத்திலேயே இல்லை என்பதை இக்கடிதத்தில் எங்கும் சொல்லப்போவதில்லை.

முதலில் நிறை. நான் படித்த பாடத்தில் நிறை என்றால் தராசில் வைத்துப் பார்ப்பது. ஆகவே கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முனைக் காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தட்டில் இருந்த வெங்காயத்தை இறக்கிவிட்டு, "என்ன பாட்டிம்மா, இது எந்தத் தோட்டத்துல காய்ச்சது?" என்றார். லென்ஸோடு சேர்த்து ஒரு சிறிய முட்டைக்கோசு நிறை இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன், உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஐயோ பாட்டி, அப்பா கேட்டது நல்லது கெட்டது!" அதை நல்லது கெட்டது என்றே நீங்கள் கேட்டிருக்கலாம். ஆனாலும் போன காரியம் வீணில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரைநாள் நின்றால் நிறையே குறையாகிவிடும் என்று தெரிந்துகொண்டேன்.

இனி நல்லது கெட்டது. ஒரு கண்ணை வைத்துப் பார்க்கத் துவாரம் இருக்கிறது, கொளுத்துகிற வெயிலிலும் எதிரே இருப்பது பளிச்சென்று தெரிகிறது, போனைப் போல் கையால் மறைத்து மறைத்துப் பார்க்க வேண்டாம், லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் என் மகளின் போன் பலமுறை செத்துப் பிழைப்பதற்குள் இது அசராமல் நிற்கிறது, இதெல்லாம் நல்லது. ஆனால் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எகிறி 'டபக்' என்று ஒரு சத்தம். மேல்வீட்டுக் குழந்தை தூங்குகிற அழகைப் பிடிக்கலாம் என்று போனோம், முதல் டபக்குக்கே எழுந்துவிட்டது, அடுத்து எடுத்ததில் எல்லாம் வாய்தான் இருக்கிறது. அறை இருட்டாக வேறு இருந்ததா, படம் முழுக்க மணலை வாரித் தூவியது போல் புள்ளி. குழந்தையின் அம்மா, "படத்தை உடனே என் போனுக்கு அனுப்பேன்" என்றாள். இதிலிருந்து அப்படி அனுப்ப முடியாது, வயர் வேண்டும், வீட்டில் இருக்கும் வயர் எதுவும் அதன் ஓட்டைக்குப் பொருந்தவில்லை. இதெல்லாம் கெட்டது. ஒளிக்காமல் எழுதுகிறேன் பாருங்கள்.

அடுத்து உங்கள் அக்கா விவகாரம். அவர் உங்களுக்குப் போன் செய்து அழுதார், அதனால்தான் இந்தப் பேச்சே கிளம்பியது என்று எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவரும் ஆபீஸ் தோழிகளும் மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். மேசை மேல் ஒரு தண்ணீர் பாட்டில். இந்தக் கேமராவை அதன் போக்கில் விட்டால் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் கவனித்துப் பிடிக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாட்டிலில் அச்சடித்த பொடி எழுத்து வரை படிக்கலாம், உங்கள் அக்காவும் தோழிகளும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது போல் இருந்தார்கள்.

"முப்பது வருஷம் வேலை பார்த்தது நானா, இந்தத் தண்ணி பாட்டிலா?" என்றார் உங்கள் அக்கா.

"இன்னொண்ணு எடுத்துடலாம் அத்தை, கொஞ்சம் சிரிங்க" என்றாள் உங்கள் மகள்.

"ஒண்ணும் வேணாம். அந்தப் பாட்டிலையே வழியனுப்பி வை! நீங்களே சொல்லுங்கம்மா, இது நியாயமா?" என்று என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். அந்த நேரம் பார்த்து டபக். அதன் பிறகு நாங்கள் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை.

நீங்கள் கேட்டபடி, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையிலும் போய் விசாரித்தோம். விற்பனையாளர் நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் முந்துகிறது. குறைகளையெல்லாம் கேட்டுவிட்டு, "பாட்டி, இது தொடக்கநிலைக் கேமரா. இதுகிட்ட ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது" என்றார்.

"தொடக்கநிலைன்னா?"

"ஆரம்பப் பள்ளிக்கூடம் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

"அப்போ அஞ்சாவது வரைக்கும்?"

"அப்படித்தான்."

"நானும் அஞ்சாவதுதான் தம்பி. பிள்ளைங்களைப் படிக்க வெச்சேன், மருந்துச் சீட்டுலேருந்து வீட்டுப் பத்திரம் வரைக்கும் நானே படிக்கிறேன். என்கிட்டயும் எதிர்பார்க்கக் கூடாதா?"

"ஐயோ, நான் கேமராவைச் சொன்னேன் பாட்டி!"

"நானும் கேமராவைத்தான் சொல்றேன்."

அவர் சமாதானத்துக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு பெரிய கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார். அது தொழில் செய்கிறவர்களுக்கானதாம். மேற்படிப்புப் படித்தது போலிருக்கிறது, மணிக்கட்டு இறங்கிவிட்டது. அதற்குள் அவர் நம்முடைய கேமராவை வாங்கி, அதில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். உங்கள் அக்கா விரல் நீட்டிய படம் வந்ததும் தள்ளுவதை நிறுத்திவிட்டார். அந்த விரல் நம் மூக்கைத் தொட வருவது போல் இருக்கிறது, கண்ணில் கோபம், கோபத்துக்கு அடியில் அழுகை, பின்னால் தோழிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேசாகக் கலங்கி நிற்கிறார்கள். "இது இந்தக் கேமராவுல எடுத்ததா?" என்று கேட்டவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா யாரு? நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரியே இருக்கு" என்றார். அவர் அதை எந்தக் குரலில் கேட்டார் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் நடுநிலை கெட்டுவிடும்.

ஆக, மாப்பிள்ளை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதில் குறைதான் அதிகம். கனம், சத்தம், இருட்டில் தடுமாற்றம், முன்னால் இருப்பதைக் கண்டால் மயக்கம். ஐந்தாம் வகுப்புப் படித்தது இவ்வளவு செய்கிறதே என்று வாதாட நான் வரவில்லை. வைத்துக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் பெற்ற தகப்பன் உங்கள் இஷ்டம். கொடுத்துவிடச் சொன்னால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் அழுதால் பார்த்துக்கொள்கிறேன். நன்றாக யோசித்து எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீங்கள் நிறைவாக இருக்க வேண்டும். உங்கள் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் அத்தை

பின்குறிப்பு: ஒன்றை எழுத விட்டுவிட்டேன். கேமரா வந்த அட்டைப்பெட்டி கிழியாமல் முழுதாக இருந்தால்தான் திருப்பி எடுப்பார்களாம். நீங்கள் கருத்துக் கேட்டுப் போனை வைத்ததுமே அந்தப் பெட்டியை வெட்டி அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டேன், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவள் நேற்றிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போகிறாள். நீங்கள் பொறுமையாகவே யோசித்து எழுதலாம்.