ஜிப்சத்தின் வயிறும் கிளிங்கரின் சூளையும்

உலகத்தில் உள்ள எல்லாமே ஏதோ ஒரு வகையில் சிமென்ட் ஆலைதான் என்று நம்பிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: அரியலூரில் என் பக்கத்து வீட்டுக் கிளிங்கர்.

சூளையில் வெந்து கட்டியாய் வெளிவரும் சரக்குக்குக் கிளிங்கர் என்று பெயர். ஓய்வு பெறும்வரை அந்தச் சூளையை ஓட்டியதால் அவருக்கும் அதே பெயர். ஹோட்டல் சாம்பார் நீர்த்திருந்தால், "கலவை சரியில்ல" என்பார். நான் இருமினால், "ஃபில்டர மாத்துங்க சார்" என்பார். தனியாக இருந்தவர், துணைக்கு ஒரு வெள்ளை முயல் வாங்கினார். அதற்கு, சிமென்டில் சேர்க்கும் வெள்ளைக் கல்லின் பெயரான ஜிப்சம் என்று பெயர் வைத்ததில் தெருவில் யாருக்கும் வியப்பில்லை.

ஜிப்சத்துக்குத் தினமும் புல், ஷிப்டுக்கு இவ்வளவு என்று. காலையில் புழுக்கைகளைக் கூட்டி, உருட்டிப் பார்த்து, "இன்னிக்கு உற்பத்தி நல்லாருக்கு சார்!" என்று சுவருக்கு மேலே அறிவிப்பார். நான் அப்போதுதான் காபியை வாய்க்குக் கொண்டுபோயிருப்பேன்.

முயல் வந்து ஓராண்டு நிறைந்தது. கொண்டாட்டமாகப் புல்லை நிறுத்திவிட்டு கேரட், வாழைப்பழம், முட்டைக்கோஸ், அதற்கு மேல் ஒரு பிடி பூந்தி வைத்தார். மறுநாள் அறிவிப்பைக் காணோம். எட்டிப் பார்த்தேன். ஜிப்சம் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. தட்டு காலி.

"என்னய்யா, பட்டினி போட்டுட்ட?"

"ஷட்டவுன் சார். பெல்ட்டு அடைச்சுக்கிட்டா சரக்கு போடுறத நிறுத்தணும்ல? ரெண்டு நாள் கெடந்தா தானா சரியாயிடும்."

"அது மெஷினாய்யா? கெளம்பு!"

உள்ளூர் கால்நடை மருத்துவர் அன்று முகாமுக்குப் போயிருந்ததால் பெரம்பலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். "கறிக்குங்களா?"

"பேஷன்ட்டுய்யா!" என்று சீறினார் கிளிங்கர்.

கால்நடை மருத்துவமனைச் சீட்டில் மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் இருந்தன, முயல் இல்லை. 'இதர' என்பதில் டிக் அடித்து, பக்கத்தில் முயல் என்று எழுதி, சுருக்கொப்பமும் இட்டேன். யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

இளம் பெண் மருத்துவர் ஜிப்சத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம் மேடம். அப்பறம் நாந்தான் நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா? முயல் வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும் சார். நின்னா உயிருக்கே ஆபத்து. தீனிய யாராவது ஒரே நாள்ல மாத்துவாங்களா? எதுவா இருந்தாலும் பழைய தீனியோட கொஞ்சங் கொஞ்சமா கலந்து, பத்து நாள்ல மாத்தணும்."

கிளிங்கர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இது பெல்ட்டு இல்ல சார், சூளை! ஓடுற சூளைய ஆறவுட்டுட்டேனே! கலவைய ஒரே நாள்ல மாத்துனவன எத்தன தடவ திட்டிருக்கேன்..." முயலின் காதைத் தடவினார். "வூட்டுல எங்கூடப் பேச இது ஒண்ணுதான் சார் இருக்கு."

ஊசி போட்டு, வலிக்கு மருந்தும், சிரிஞ்சில் புகட்டக் கூழும் கொடுத்தார்கள். வீடு திரும்பியதும் கிளிங்கர் அன்று முழுவதும் முயலை மடியில் வைத்து, மருத்துவர் சொன்ன நேரம் பிசகாமல் புகட்டினார். நான் புல் அறுத்து வந்தேன். என்னைப் போல் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் புல் அறுக்கலாமா என்பதற்கு விதி எதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கையில் மடித்த செய்தித்தாள். அதற்குள் கறுப்பாய் ஏழு புழுக்கைகள்.

"விழுந்துடுச்சு சார்! பாருங்க சார்!"

பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேர் என்னிடம் தாளை நீட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.