அடி மேல் அடிக்கு என் பெயரில் ஓர் உதாரணம்

பாளையங்கோட்டை,
1912 அக்டோபர், புதன்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ அகராதிப் பதிப்பாசிரியர் சிவசைலம் பிள்ளையவர்கள் சமூகத்துக்கு, தமிழ் உபாத்தியாயர் கிருபைராஜ் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி எலிசபெத்தும் ஒற்றை மகள் இன்பமணியும் உயிரோடிருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தாங்களும் தங்கள் அகராதியும் அங்கே சுகமாக வளர வேண்டுகிறேன்.

போன மாதம் தாங்கள் ‘அடி மேல் அடி’ என்ற வழக்கைக் கொடுத்து, அதற்கு எங்கள் சீமையில் சொல்லும் மாற்றுத் தொடர்களையும், ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயர் வைத்து ஒரு வாக்கியமும் கேட்டிருந்தீர்கள். ஆள் பெயர் இல்லாத வாக்கியம் அச்சேறாது என்று சிவப்பு மையில் வேறு எழுதியிருந்தீர்கள். அந்தச் சிவப்பு மைதான் என் குடியைக் கெடுத்தது. ‘இடி மேல் இடி’ எனக்கே தெரியும். மேலப்பாளையத்துத் துணி வியாபாரி நூகு அண்ணாச்சியிடம் கேட்டேன். “எங்காளுக துன்பத்த முஸீபத்தும்பாக. முஸீபத்து மேல முஸீபத்துன்னு எழுதிக்கிடும்” என்றார். எலிசபெத்திடம் கேட்டேன். “ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணும்போம். இங்கன அடுப்புல சோறு கரியுது, நீங்க வேற வந்து நிக்கீக. இதுதான் அது” என்றாள். எல்லாம் சீட்டில் எழுதிக்கொண்டேன். உதாரணத்துக்கு முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத்தான் வைத்தேன். ஊரார் தலையில் தீங்கை எழுதுவானேன் என்று மனச்சாட்சி உறுத்தவே, அதை அடித்துவிட்டு என் பெயரையே வைத்தேன். ‘கிருபைராஜுக்கு நெல் வெள்ளத்தில் போயிற்று, மிஞ்சின வைக்கோலும் தீயில் போயிற்று, அடி மேல் அடி. போதாக்குறைக்குத் தலைமை உபாத்தியாயர் கோபமும் சேர்ந்துகொண்டது, இடி மேல் இடி.’ நல்ல வாக்கியங்கள் என்று அப்போது நினைத்தேன், ஐயா.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இன்பமணிக்குக் கோவிலில் முதல் ஓலை. எங்கள் சபையில் கலியாண அறிவிப்பை மூன்று ஞாயிறு ஓலையாக வாசித்த பிறகே தாலி கட்டலாம். மாப்பிள்ளை ஜேசுதாசன் தூத்துக்குடியில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் குமாஸ்தா. அவன் தகப்பனார் அப்பாத்துரை நாடார் சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரி. ஓலையைக் காதால் கேட்கவென்று வண்டி கட்டி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்த ஓலைச் சீட்டை எடுத்து, ஆராதனை நடத்தும் நேசையா உபதேசியார் கையில் கொடுத்தேன். அதோடு, உதாரண வாக்கியங்களை எழுதி அதே புத்தகத்தில் வைத்திருந்த தங்கள் அகராதிச் சீட்டும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ஓலை வாசித்த கையோடு, கஷ்டப்படுகிறவர்கள் கொடுக்கும் விண்ணப்பச் சீட்டுகளை வாசித்து ஜெபிப்பது அவர் வழக்கம். நேசையா குரல் அழுகைக் குரல். வெளுக்கப் போட்ட துணி ஜாபிதாவைக் கொடுத்தாலும் கேட்பவர் கண்ணில் நீர் வந்துவிடும். என் நெல்லையும் வைக்கோலையும் அவர் வாசித்த வாசிப்பில் எனக்கே அழுகை வந்தது. “உபதேசியாரே, அது அகராதி” என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் சபை முழுவதும் முழங்காலில் நின்று ஆமென் சொல்லிவிட்டது. ஆமென் ஆன பிறகு இல்லையென்று எப்படிச் சொல்வது?

வாசலில் தலைமை உபாத்தியாயர் பிடித்துக்கொண்டார். “நான் எப்ப வே உம்ம மேல கோவப்பட்டேன்?” என்று கேட்டுவிட்டு, அங்கேயே கோபப்பட்டார். நூகு அண்ணாச்சி சேதி கேள்விப்பட்டு ஒரு வண்டி வைக்கோல் அனுப்பிவிட்டார். என் சொந்த வைக்கோல் களத்தில் பத்திரமாக இருக்கிறது, இப்போது இரண்டு படப்பு. இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். ஆனால் அப்பாத்துரை நாடார் என் வீட்டில் ஆக்கி வைத்த விருந்தைத் தொடாமல், தலையைக் குனிந்தபடி வண்டியேறிப் போய்விட்டார். மறுநாள், “ரெண்டாம் ஓலை இப்பம் வேண்டாம், பொறுக்கட்டும்” என்று ஆள் விட்டார். “உலகத்துல வேற பேரே கெடைக்கலியா ஒங்களுக்கு?” என்று எலிசபெத் மூன்று நாளாகக் கேட்கிறாள். இன்பமணி கலியாணப் புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள், அதுதான் தாங்கமுடியவில்லை.

ஆகையால் தாங்கள் தயவு செய்து, மேற்படி வாக்கியங்கள் முழுப் பொய், அகராதிக்காகச் செய்தவை என்று முத்திரை வைத்த ஒரு சான்றுக் கடிதம் சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பி, என் மகள் கலியாணத்தைக் காப்பாற்ற வேண்டும். தங்கள் வீட்டாருக்கும் அச்சுக்கோக்கிறவர்களுக்கும் ஆண்டவர் நீடித்த சுகம் தருவாராக.

இப்படிக்கு,
கிருபைராஜ்.

பின்குறிப்பு: வியாழன் காலை. தபாலுக்குப் புறப்படும்போது அப்பாத்துரை நாடார் தனியாக வந்து நின்றார். “அண்ணாச்சி, எம் மவனுக்கு வேலை போயி மூணு மாசம் ஆச்சு. என் கருப்பட்டிக் கிட்டங்கியும் எரிஞ்சு போச்சு. ரெண்டையும் மறச்சுத்தான் பொண்ணு கேட்டேன். நீரு உம்ம கஷ்டத்தச் சபை நடுவுல சொன்னீரு. வெக்கத்துல எனக்குச் சோறு எறங்கல” என்று சொல்லி அழுதார். நான் வாயைத் திறக்குமுன் இன்பமணி என்னை உள்ளே இழுத்துப்போய், “அப்பா, நமக்கு ஒண்ணும் போகலன்னு இப்பம் சொன்னா அவுக மொகத்த எங்க கொண்டு வைப்பாக? வேலை போனா வரும். நீங்க பேசாம இருங்க” என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. சான்றுக் கடிதம் அனுப்பவே வேண்டாம், ஐயா. அது வந்து சேர்ந்தால் கிருபைராஜுக்கு அடி மேல் அடி. இந்த வாக்கியத்தை வேண்டுமானால் அச்சிட்டுக்கொள்ளலாம், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.